உறுமல்

இந்த இதழுக்கு நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி. ஆசிரியர் இரண்டு முறை நினைவுபடுத்தினார். தொகுப்பை மூன்று தடவை எடுத்தேன்; மூன்று தடவையும் பாதியில் எழுந்துபோக வேண்டியதாயிற்று. குற்றம் கவிதைகளுடையது அல்ல. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. கடந்த நாலு மாதமாக அலுவலகம் விட்டு வந்ததும் எனக்கு வாய்த்த பொழுதெல்லாம் அதைப் பழக்குவதில் கழிந்தது. ஆகவே கவிதைக்குப் பதில் நாய். இதை உருவகமாகப் படிக்க வேண்டாமென்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எதைத் தொட்டாலும் உருவகமாக்கிவிடுகிற சுபாவம் நம்மிடம் உண்டு. இது வெறும் நாய். பெயர் ஜிம்மி. வெள்ளை நிறம், சுருண்டு முதுகில் படிந்த வால், நரி மாதிரிக் கூர்த்த மூஞ்சி. நம் பக்கத்தில் பாமரேனியன் என்று சொல்லி விற்கப்படுகிற நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற இனம். இதுவும் அதுதான்.

2021இல் அப்பா இறந்து ஒரு மாதம் கழித்து, சென்னையிலிருந்து என் தங்கை இதை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். "அம்மாவுக்குத் துணை" என்றாள். நான் அப்போது வேறு ஊர்க் கிளையில் இருந்தேன். பாளையங்கோட்டைக்கு மாற்றல் கிடைக்க இரண்டு வருஷமாயிற்று. அந்த இரண்டு வருஷமும் அந்த வீட்டில் அம்மாவும் நாயும் மட்டும். நான் மனைவியோடும் ஐந்து வயதுப் பெண்ணோடும் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாயின் கணக்கில் மூன்று அந்நியர்கள் மூட்டை முடிச்சுகளோடு அதன் வீட்டில் நுழைந்திருந்தார்கள்.

அம்மா சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டை அதற்கு. தயிர்ச்சோற்றைப் பிசைந்து, உப்பு கம்மியாகப் போட்டு, ஆறவைத்து, கையில் வைத்து ஊட்டுவாள். நடுவில் அது முன்காலால் அவள் முழங்கையைத் தட்டும். தட்டினால் இன்னொரு உருண்டை. மேரி பிஸ்கட் டப்பா சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மூடி திறக்கிற சப்தம் கேட்டால் மாடியிலிருந்து ஓடிவரும். படுக்கை அம்மாவின் கட்டிலில், கால்மாட்டில். அழைப்புமணி அடித்தால் வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கிறவரை குரைக்கும். கட்டிலருகே யார் போனாலும் உறுமும். எடை 9 கிலோ 200 கிராம். அது இருக்க வேண்டிய அளவுக்கு ஒன்றரைக் கிலோ அதிகம் என்று பிறகு தெரிந்தது.

உறுமலில்தான் நான் கை வைத்தேன். எதிர்வீட்டில் ஒருவர், காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய நாய்களை வளர்த்தவர். "யார் எசமான்னு அதுக்குக் காட்டணும் சார். கழுத்தைப் பிடிச்சு மல்லாக்கப் போட்டு அமுக்குங்க. அடங்குற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு தர்க்கம் இருப்பதாகப் பட்டது. நானும் மூன்று நாள் அமுக்கினேன். முதல் நாள் திமிறியது. இரண்டாம் நாள் என் கட்டைவிரலைப் பல்லால் உரசியது. மூன்றாம் நாள் அசையாமல் கிடந்தது. கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்தது. உதட்டை உதட்டை நக்கிக்கொண்டது. பணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அது உறுமவில்லை. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். ஏதோ சாதித்துவிட்ட பூரிப்பு.

பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் பெண் ஆச்சியின் தலையணைக்கு அடியில் வைத்திருந்த கலர் பேனாவை எடுக்கப் போனாள். உறுமல் இல்லை. எந்தச் சப்தமும் இல்லை. மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்திருந்தது.

நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தது என்றாலும் பிள்ளைக்குப் போட்டுவிடுவதே சரி என்றார்கள். அரசு மருத்துவமனையில் நான்கு முறை: முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். முதல் இரண்டு தடவையும் மனைவி ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது ஊசி போட்டுவிட்டு ஆட்டோவில் வரும்போது, வெளியே பார்த்துக்கொண்டே, "உறுமிக்கிட்டாவது இருந்துச்சு. அதையும் நிறுத்திட்டீங்க" என்றாள்.

பின்னால் நான் தேடிப்படித்த எதிலும் விஷயம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. உறுமல் என்பது கடிக்கு முந்தின எச்சரிக்கை. 'கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நாய் சொல்லக் கூடிய கடைசி நாகரிகமான வாசகம் அதுதான். அதற்கும் முன்னால் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிவது என்று பல உண்டு. அவற்றை நாம் படிப்பதில்லை. உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் உறுமல் நிற்கும். பயம் நிற்காது. எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நான் அதைக் கீழ்ப்படிதல் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரரின் தத்துவத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை ஓயாமல் தலைமைக்குச் சண்டையிடுவதாக எழுதினார். ஓநாய் அப்படியென்றால் நாயும் அப்படியே, நாம்தான் அதற்குத் தலைமை ஓநாய் என்று பிறகு வந்தவர்கள் பொருத்திக்கொண்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்ற மடத்தின் துறவிகள் 1978இல் எழுதிய நாய்வளர்ப்புப் புத்தகத்தில் இந்த மல்லாக்கப்போடும் முறையைச் சிபாரிசு செய்திருந்தார்கள். 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அதை விலக்கிக்கொண்டார்கள். தலைமை ஓநாய் என்ற கருத்தை 1970இல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் 1999இல் அது தவறென்று தானே எழுதினார். காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது அநேகமாக ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் குட்டிகள், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரு வேலிக்குள் அடைத்தால் மட்டுமே அந்த ஓயாத பதவிச் சண்டை. (ஓநாய்களைப் பற்றித் தவறாகிப்போன இந்தச் சித்திரம் சில அலுவலகங்களுக்கும் நம் இலக்கிய வட்டாரங்களுக்கும் இன்னும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.) தான் சொன்னது தவறு என்று இருபத்தொன்பது வருஷம் கழித்து எழுதிய விமர்சகர் நம்மிடையே யாரும் இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

நாயை என்ன செய்வது என்பதை 28ஆம் நாள் ஊசிக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று மனைவி சொன்னாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. தங்கையிடம் திருப்பி அனுப்பலாம். அல்லது முக்கூடல் பக்கம் உறவினர் தோட்டம் ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் நான்தான் சொன்னேன். "ஒங்க இஷ்டம்" என்றாள்.

இந்த 'ஒங்க இஷ்டம்' எனக்குப் பழக்கமானது. அப்பா எதைச் சொன்னாலும் அம்மா சொன்ன பதில் அது. வீடு கட்ட அவள் நகையை விற்றபோதும் அதுதான், தங்கையை அவ்வளவு தூரத்தில் கொடுத்தபோதும் அதுதான். என்னை எம்.ஏ. சேரவிடாமல் வங்கித் தேர்வு எழுதச் சொன்னபோது நான் அம்மா முகத்தைப் பார்த்தேன், அப்போதும் அதுதான். நல்ல குடும்பம், ஒரு சச்சரவு கிடையாது என்று தெருவில் சொல்வார்கள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நாய்க்கு மட்டும் பிசைந்து வைத்திருந்தாள்.

புத்தகங்களிடம் போனேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நாய்ப் பயிற்சி என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் பி.எஃப். ஸ்கின்னர். அவர் 1926இல் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பி, ராபர்ட் ஃப்ராஸ்டுக்குக் கதைகளை அனுப்பி, ஊக்கமான பதிலும் பெற்று, பெற்றோர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் எழுத உட்கார்ந்தார். தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று கண்டார். விட்டுவிட்டு உளவியலுக்குப் போய் எலிகளையும் புறாக்களையும் பழக்கினார். சொல்ல ஒன்றுமில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும்.

அவர் வழி வந்த விஷயம் மிகச் சாதாரணமானது. எந்தச் செய்கைக்குப் பிறகு நல்லது கிடைக்கிறதோ அந்தச் செய்கை பெருகும். ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட, எப்போதாவது, எப்போதென்று தெரியாமல் கிடைப்பது இன்னும் ஆழமாக வேரூன்றும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் இதைப் பக்கம் பக்கமாக வரைபடம் போட்டுக் காட்டினார்கள். லாட்டரிச்சீட்டு வேலை செய்வது இப்படித்தான். தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்தது 2003இல். எங்கள் ஜில்லாவாசிகள் செங்கோட்டை தாண்டிப்போய் வாங்கிக்கொண்டு வருவது அதனால் நிற்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். 2010இல் வியன்னாவில் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். சிறிய நாய்கள் சொல்பேச்சுக் கேட்பது குறைவு, படபடப்பும் கோபமும் அதிகம். ஆனால் சிறிய நாய் வைத்திருப்பவர்கள் அவற்றோடு நடந்துகொள்வதில் ஒரு ஒழுங்கு இல்லை. பழக்குவதும் விளையாடுவதும் குறைவு. அறுபது கிலோ நாய் உறுமினால் வீடே கூடிப் பேசும். ஆறு கிலோ நாய் உறுமினால் சிரிக்கிறோம், இன்னொரு தரம் உறுமச் சொல்லி விருந்தாளிக்குக் காட்டுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன்.

அம்மா பிறந்த ஊரில், தாத்தா வீட்டில், ஒரு நாட்டு நாய் இருந்தது. அது வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு திண்ணையோரம் நிற்கும், கதவு திறந்தே இருக்கும், வராது. அதை யாரும் பழக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த பதினாலு பேருக்கும் நாய் உள்ளே வராது என்பதில் ஒரே அபிப்பிராயம். அந்த நாய்க்கு யாரிடம் கெஞ்சியும் பிரயோசனமில்லை. அது நல்ல ஏற்பாடு என்று சொல்லவரவில்லை, மழையில் நனைந்ததையும் சொன்னேன். எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் நாய் எங்கே இருக்கலாம், என்ன தின்னலாம் என்பதில் நாலு கொள்கை. அதற்குக் குழப்பமில்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் மருத்துவரிடம் காட்டினோம். தொட்டால் கடிக்கிற நாய்க்கு உடம்பில் எங்காவது வலி இருக்கலாம் என்பதால் காதையும் பல்லையும் பார்த்தார். பல்லில் காறை கட்டியிருந்தது; சுத்தம் செய்தார். பாயசத்தில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாய்க்கு விஷம் என்று அவர் சொன்னபோது அம்மா முகம் மாறிவிட்டது. "ஆண்டவா, பொங்கலுக்குக் குடுத்தனே" என்றாள்.

பிறகு ஏற்பாடு. சாப்பாடு இரண்டு வேளை, அதன் தட்டில், அதன் இடத்தில். நம் தட்டிலிருந்து ஒன்றும் கிடையாது. உட்காராமல் யார் கையிலிருந்தும் ஒன்றும் கிடையாது. அது கட்டிலில் இருக்கும்போது பிள்ளை கிட்டே போவதில்லை. கீழே கூப்பிட்டு, அது தானாக வந்தால் தொடலாம். உறுமினால் யாரும் திட்டக் கூடாது, நின்று, இரண்டடி பின்வாங்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை என் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தை நாய்க்குப் பின்வாங்குவதா என்று உள்ளே என்னவோ முரண்டியது.

உட்காரச் சொல்லித்தருவது சுலபம். கடலைப்பருப்பு அளவு பிஸ்கட் துணுக்கை அதன் மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்தக் கணத்தில் கொடுக்க வேண்டும். ஓரிரண்டு விநாடி தாமதித்தாலும் அது கடைசியாக என்ன செய்ததோ அதற்குக் கூலியாகிவிடும். அம்மாவின் இடைஞ்சல் இங்கேதான் என்று கண்டேன். அது உட்கார்ந்ததும் அவளுக்குச் சந்தோஷம். எழுந்து, "இருடா கண்ணு" என்று அலமாரிக்குப் போய், டப்பாவைத் திறந்து, ஒரு முழு பிஸ்கட்டை எடுக்கும்போது அது அவள் புடவையைப் பிடித்து ஏறிக் குதித்துக்கொண்டிருக்கும். பிஸ்கட் குதித்ததற்குப் போய்ச்சேரும். மூன்று வருஷமாக அவள் அதற்குக் குதிக்கக் கற்றுத்தந்திருந்தாள். மகா பொறுமையோடு, ஒரு நாள் தவறாமல்.

நான் "சிட்" என்றேன். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவிலும் சாயந்திரம் இதைக் கேட்கலாம்: சிட், கம், கோ, நோ. மனிதர்களிடம் ஒரு வாக்கியம் ஆங்கிலம் பேசக் கூசுகிறவர்கள்கூட நாயிடம் ஆங்கிலம்தான். வெள்ளைக்காரன் 1947இல் போனபோது ஏவல் வினைகளை நாய்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான் போல. எனக்கு இது பி.ஏ. ஆங்கிலத்தின் ஒரே நடைமுறைப் பிரயோஜனம். ஆனால் யோசித்தபோது இன்னொரு காரணமும் பட்டது. தமிழில் உட்காரச் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் யார் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: உட்கார், உட்காரு, உட்காருங்க, உட்காரலாமே. கவுன்டருக்கு வருகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் இவற்றில் ஒன்று என் வாயில் தானாக வருகிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தத் தொந்தரவு இல்லை. "நாய்க்கு எதுக்குல இங்கிலீசு?" என்று அம்மா கேட்டபோது எனக்குச் சரியான பதில் வரவில்லை.

நாலாம் நாள் பிரச்னை முற்றியது. நாங்கள் சாப்பிடும்போது அதற்குக் கொடுப்பதை நிறுத்தியிருந்தோம். அது குரைத்தது. வங்கி டைரியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன்: முதல் நாள் 12 நிமிஷம், இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 26. வழக்கமாகக் கிடைத்துவந்தது நின்றுபோனால் குறைவதற்கு முன்னால் ஒருமுறை அதிகமாகும் என்பது படித்ததுதான். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியாவிட்டால் நாம் இன்னும் நாலு தடவை வேகமாக அழுத்துகிறோமே, அதுமாதிரி. அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டால் போதும். நாலாம் நாள் 40 நிமிஷம் குரைத்துவிட்டுச் சட்டென்று நின்றது. தாண்டிவிட்டோம் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் மேஜைக்கடியைப் பார்க்கச் சொன்னாள். அம்மாவின் கை கீழே இருந்தது. கையில் உருண்டை.

இப்போது அது கற்றுக்கொண்டது, நாற்பது நிமிஷம் குரைக்க வேண்டும் என்பதை.

கோபப்பட்டேன். ஆனால் மறுநாள் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபோது கோபம் நீடிக்கவில்லை. பென்ஷன் தேதி. வரிசையில் முப்பது பேர். பின்னாலிருந்து ஒருவர் கூச்சல் போட்டார். மேனேஜர் வெளியே வந்து அவருடைய பாஸ்புக்கை வாங்கி, என்னிடம் தந்து, முதலில் அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வரிசையில் முன்னால் நின்ற கிழவி ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இந்த ஊரிலும் பிற ஊர்களிலுமாக எத்தனை பேரை நான் குரைக்கப் பழக்கியிருப்பேன் என்று கணக்குப்போட ஆரம்பித்து விட்டுவிட்டேன். மதிப்புரை விஷயத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்: சண்டைக்கு வருவார் என்று தெரிந்தவரின் புத்தகத்துக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகவே ஒரு பிஸ்கட்.

ராத்திரி அம்மாவிடம் உருண்டையைப் பற்றிப் பேசினேன். எனக்குத் தெரிந்த விளக்கமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஒங்கப்பா போனபொறவு நான் சோறு பொங்குனதே அவனுக்காகத்தாம்ல. ஒத்தைக்கு யாரு பொங்குவா? அவன் வந்து தட்டுனாத்தான் எனக்கும் ஒரு வாய் எறங்கும்."

அந்த இரண்டு வருஷத்தில் நான் வாரம் ஒருமுறை போனில் "சாப்டியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தவன். அவளும் "ஆச்சுல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழி கண்டது என் மனைவி. அத்தையிடமிருந்து ஊட்டுவதை ஏன் பிடுங்க வேண்டும், இரண்டு வேளையும் அவர்களே கொடுக்கட்டும், வேறு யாரும் கொடுக்க வேண்டாம் என்றாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு சொல், அதற்கு அது உட்கார வேண்டும், உட்கார்ந்த உடனே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். பிஸ்கட்டை உடைத்து அம்மாவின் மடியில் ஒரு சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தாள், எழுந்து போகிற தாமதம் வராதபடி. அந்தச் சுருக்குப்பை என் கவனத்துக்கு வராமல் போனது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். டைரியில் நிமிஷங்களை எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

கஷ்டம் சொல்லில் வந்தது. அம்மாவுக்குக் கட்டளையிட வரவில்லை. "உக்காருடா கண்ணு, உக்கார மாட்டியா, எங்க, உக்காரு பாப்போம், சின்னவன்லா" என்பாள். (நான் பெரியவன், அது சின்னவன்.) நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் குற்றமில்லை, அத்தனை சப்தத்தில் எது சொல் என்று அதற்கு எப்படித் தெரியும்? 2016இல் புடாபெஸ்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவியில் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் மூளையைப் பார்த்திருக்கிறார்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் தொனியில் சொன்னால்தான் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி விழிக்கிறது. தொனி மட்டும் இருந்து சொல் வேறாக இருந்தாலோ, சொல் இருந்து தொனி இல்லாவிட்டாலோ விழிப்பதில்லை. (நான் எழுத வேண்டியிருந்த கவிதைத் தொகுப்பைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லத் தோன்றுகிறது. சொல்லவில்லை.) அம்மாவிடம், ஒரே சொல்லாக, ஒரே மாதிரி, கெஞ்சாமல் சொல்லச் சொன்னேன். "அப்படில்லாம் எப்படில சொல்ல? அவன் என்ன நெனைப்பான்?" என்றாள்.

அறுபத்தேழு வயது. அவள் யாரையும் எதுவும் செய் என்று நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. தாகமாக இருந்தால் "வெயில் என்னமா அடிக்கி" என்பாள். கதவைச் சாத்த வேண்டுமென்றால் "காத்து வருதுல்லா" என்பாள். நாங்கள் புரிந்துகொண்டு செய்வோம். பல நேரம் புரிந்துகொள்ளாததுபோல் இருந்துவிடுவோம்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. சாயந்திரம் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "உக்காரு." தணிந்த குரல், குழைவில்லை, பின்னால் வேறு வார்த்தை இல்லை. எட்டிப் பார்த்தேன். நாய் உட்கார்ந்திருந்தது. அம்மா துணுக்கைக் கொடுத்துவிட்டு, சொன்னது வேறு யாரோ என்பதுபோல் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு அந்த நாய் என் "சிட்"டுக்கு உட்காருவதைவிட அவளுடைய சொல்லுக்கே வேகமாக உட்காருகிறது. சாப்பாட்டு நேரத்தில் மேஜையிலிருந்து நாலடி தள்ளிப் போட்டிருக்கிற சாக்கில் படுத்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிவைத்து, அப்புறம்தான் அதற்கு. முழுத் தட்டையும் அவள் சாப்பிடுகிறாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அழைப்புமணிக்கு இன்னமும் குரைக்கிறது. ஆனால் ஏழெட்டுத் தடவையோடு சாக்குக்குப் போய்விடுகிறது. எடை 7 கிலோ 800. என் கை அதன் கழுத்துப் பக்கம் போனால் இன்னமும் உதட்டை நக்கிக்கொள்கிறது. மற்றவர்கள் தொட்டால் அப்படிச் செய்வதில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் உறுமல் திரும்பி வந்தது. அது கட்டிலில் படுத்திருந்தது. பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு கட்டிலை ஒட்டி ஓடினாள். தொண்டைக்குள்ளேயே, மெதுவாக ஒன்று. அவள் நின்றாள். "சரி சரி" என்று இரண்டடி பின்னால் வந்து, சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்தாள். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை ஊசி போட்ட நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

போன மாதம், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, படுக்கையையும் மாற்றிவிடலாம் என்று ஹாலில் அதற்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன். அம்மாவிடம், "இன்னைலேர்ந்து அவன் ராத்திரி இங்க படுக்கட்டும்மா" என்றேன். 'ஒங்க இஷ்டம்' வரும் என்று பாதி திரும்பியும்விட்டேன்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

பின்னால் வேறு வார்த்தை வரவில்லை. சரி சரி என்று சொல்லிவிட்டு மெத்தையைச் சுருட்டி மாடியில் போட்டேன்.

கவிதைத் தொகுப்பு மேஜைமேல் இருக்கிறது. அட்டையின் ஒரு மூலை கடிபட்டிருக்கிறது. அது பயிற்சிக்கு முந்தைய காலத்தது. அடுத்த இதழுக்குக் கட்டாயம் எழுதித் தருகிறேன்.